குடற் சத்திரசிகிச்சையின் பின்னர்ச் சமிபாடு

நோயுற்ற குடலை அறுத்து நீக்கி, எஞ்சிய பகுதியைப் பிழைக்கச் செய்யும் முயற்சி மிகப் பழையது. காயமுற்ற குடலின் விளிம்புகளை ஒன்றுசேர்த்துக் கரிய எறும்புகளைக் கடிக்கச்செய்து, அவற்றின் தலைகளையே தையலாகக் கொண்டு, பின்னர்க் குடலை வயிற்றினுட் செலுத்தும் முறையொன்றைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. எறும்பின் வாயிலிருந்து இன்றைய தையற் கருவிகள் வரை சத்திரவைத்தியம் நெடுந்தூரம் வந்துவிட்டது. புற்றுநோய், குடற் காசம், குடலிறக்கத்தில் அகப்பட்டு இரத்தவோட்டம் இழந்த குடல், குரோன் நோய், விபத்துக் காயம் முதலிய காரணங்களாற் குடலின் ஒரு பகுதியை இழந்தோர் பலர் இன்று உயிர்தப்பி வீடு திரும்புகின்றனர்.

வீடு திரும்பிய பின்னரே அவர்தம் இரண்டாம் இடர் தொடங்குகின்றது. புண் ஆறிவிடும், தையற்றழும்பு மங்கிவிடும். எனினும் உண்டது தங்காமை, ஓயாத வயிற்றோட்டம், வாயு, களைப்பு, உடல் மெலிவு என்பன மாதக்கணக்கில் நீடிக்கக் காண்கின்றோர் சத்திரசிகிச்சையே பிழைத்ததென்று அஞ்சுகின்றனர். அச்சத்தால் உணவைக் குறைக்கின்றனர். அதனால் மேலும் மெலிகின்றனர். இவ்விடர்களுட் பெரும்பாலானவை குடலின் எப்பகுதி எவ்வளவு நீக்கப்பட்டது என்பதிலிருந்து முறையாகப் பிறப்பவை. ஆதலின், இழந்த பகுதியை அறிந்தோர்க்கு உண்ணும் முறையும் பருகும் முறையும் மருந்தும் பெரும்பாலும் தெளிவாகும். அறியாதோர்க்கோ ஒவ்வொரு வேளை உணவும் ஒரு சோதனையாகிவிடும்.

மலைநாட்டின் உச்சியில் வாழ்வோர்க்கு இவ்வறிவு இருமடங்கு தேவையாகின்றது. நுவரெலியா மாவட்டத்துப் பட்டிப்பொல கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்குச் சற்று மேலே அமைந்தது; இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் உள்ளது அதுவேயாம். ஒருபுறம் ஹோட்டன் சமவெளியும், மறுபுறம் அம்பேவெலவின் பாற்பண்ணைகளும், அவற்றுக்கப்பால் நானுஓயா முதல் ஹற்றன் வரை தேயிலை மலைகளும் பரந்து கிடக்கின்றன. இங்குள்ளோர் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கண்டித் தேசிய வைத்தியசாலையிலோ கட்டணமின்றிச் சத்திரசிகிச்சை பெறல் கூடும். ஆயின் சிகிச்சை முடிந்து லயத்து அறைக்குத் திரும்பியவர்க்கு அடுத்த கிளினிக் நாள் வரை துணையாவது அவர்தம் அறிவும் அயலாரின் அறிவுமேயாகும்.

குடலின் இயல்பான தொழிலை முதலில் நோக்குதல் வேண்டும். வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமும் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமும் உடையன. நாளொன்றுக்கு மனிதர் பருகும் நீர் ஏறத்தாழ 2 இலீற்றர். அதனோடு உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையச் சாறு, குடற்சாறு என்பன ஏறத்தாழ 7 இலீற்றர் சேர, 9 இலீற்றர் நீர்மம் குடலினுட் புகுகின்றது. இதிற் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிட, ஒன்று அல்லது ஒன்றரை இலீற்றரே பெருங்குடலை அடைகின்றது. பெருங்குடலும் தன் பங்கினை உறிஞ்சியபின், மலத்தோடு வெளியேறும் நீர் 200 மில்லிலீற்றருக்கு மேற்படுவதில்லை. இக்கணக்கினை மனத்திற்கொண்டால், குடலிற் சிறு பகுதி குறையினும் நீரின் சமநிலை ஏன் கலங்குகின்றது என்பது எளிதில் விளங்கும்.

இனி, இழந்த பகுதிக்கேற்ப எழும் இடர்களை முறையே காணல் தகும்.

சிறுகுடலின் மேற்பகுதி இரும்பு, கல்சியம் முதலியவற்றையும் பெரும்பாலான உணவுச் சத்துக்களையும் உறிஞ்சுமிடமாகும். நடுப்பகுதியில் ஓரளவு குறைந்தால், எஞ்சிய குடல் அதன் வேலையைத் தானே மேற்கொள்ள வல்லது. கடைப்பகுதியோ அவ்வாறன்று. விற்றமின் பி12 உறிஞ்சப்படுவதும், பித்தவுப்புக்களிற் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புவதும் அவ்விடத்திலேயே. இவ்விரு தொழில்களையும் குடலின் வேறெப்பகுதியும் அதற்கு ஈடாகச் செய்வதில்லை.

கடைப்பகுதியிற் சிறிது நீக்கப்பட்டால், மீளாத பித்தவுப்புக்கள் பெருங்குடலினுட் புகுந்து அதனைத் தூண்டி நீரைச் சுரக்கச் செய்கின்றன. உணவு உண்டவுடன் ஓட வேண்டிய நீர்த்த வயிற்றோட்டம் இதன் அறிகுறியாம். பித்தவுப்பைப் பற்றிப் பிணிக்கும் கொலெஸ்திரமைன் என்னும் மருந்து இதனை அடக்கும். ஏறத்தாழ ஒரு மீற்றருக்கு மேல் நீக்கப்பட்டாலோ நிலைமை வேறாகின்றது. கல்லீரல் எவ்வளவு முயன்றும் பித்தவுப்பின் இழப்பை ஈடுசெய்ய இயலாமையால், கொழுப்புச் சமிபாடடையாது வெளியேறும். மலம் வெளிறி, நீரின்மேல் மிதந்து, மிக்க நாற்றமுடையதாகும். இந்நிலையில் முன்னர்க் கூறிய மருந்தே பித்தவுப்பை மேலும் குறைத்துத் தீங்கு செய்யக்கூடும். ஒரே வயிற்றோட்டம் எனத் தோன்றும் இரண்டிற்கு மருந்து எதிரெதிராக அமைவதைக் காணின், இழந்த நீளத்தை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

விற்றமின் பி12 இன் குறை இன்னும் வஞ்சகமானது. உடல், குறிப்பாகக் கல்லீரல், அதனைச் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்துள்ளது. எனவே சத்திரசிகிச்சை நடந்த ஆண்டில் யாதொரு குறையும் தோன்றாது. மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்து, நோயையே மறந்துவிட்ட காலத்தில், சோர்வு, வெளிறல், நாக்கெரிவு, கால்விரல்களில் விறைப்பு, நடையிற் தடுமாற்றம் என்பன மெல்ல வரும். நரம்பிற்கு நேர்ந்த கேடு நீடித்தால் முற்றாக மீளாமலும் போகலாம். வைத்தியர் குறிக்கும் கால இடைவெளியில் ஊசிமூலம் இவ்விற்றமினைப் பெறுவோர்க்கு இத்தீங்கு வருவதில்லை. நலமாயிருக்கின்றோமே என்றெண்ணி அவ்வூசியை நிறுத்துதல் பெரும் பிழையாகும்.

பெருங்குடலின் ஒரு பகுதி மட்டும் நீக்கப்பட்டோர் பெரும்பாலும் சில மாதங்களிற் சீரடைவர். நேர்குடல் நீக்கப்பட்டோர்க்கு இடர் வேறு வகையது. மலத்தைத் தேக்கிவைக்கும் பை இல்லாமையால், சிறிது சிறிதாகப் பன்முறை செல்ல நேரும்; அடக்கவொண்ணாத அவசரமும் எழும். இது தனியொருவரின் பலவீனமன்று; மருத்துவ நூலில் இடம்பெற்ற ஒரு நிலைமையேயாம். இதனை அளவிடுதற்குரிய வினாத்தாளொன்றை டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மலத்தைத் திரட்டும் இசப்கோல் உமி, குடலின் விரைவைத் தணிக்கும் லோபரமைட்டு, இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, நாளும் குறித்த நேரத்திற் கழிப்பிடம் செல்லும் வழக்கம் என்பன இவர்க்குப் பயன் தருவன.

வயிற்றின்மேற் செயற்கைக் குடல்வாய் அமைக்கப்பெற்றோரின் நிலை தனித்துக் கூறத்தக்கது. சிறுகுடலிலிருந்து அமைந்த வாயாயின், பெருங்குடல் செய்துவந்த உறிஞ்சல் முற்றும் இல்லாது போகின்றது. நீரோடு உப்பும் பையினுள் வெளியேறும். இத்தகையோர் தாகம் தீரத் தனிநீரையும் வெறுந் தேநீரையும் மேன்மேலும் பருகுவர். வெளியேற்றம் மிக்கிருக்கும் காலத்தில் இது தீமையையே விளைவிக்கும். உப்பற்ற நீர் குடலினுட் புகுங்கால், அதனைச் சமப்படுத்தக் குடற்சுவர் தன் உப்பை நீரினுட் சுரக்கின்றது. அவ்வுப்பும் நீருடன் வெளியேறிவிடுகின்றது. பருகப் பருக வறட்சி மிகும் இவ்விந்தை, காரணம் அறியாதோரை ஏமாற்றவல்லது.

இதற்கு மாற்று, உப்பும் சர்க்கரையும் கூடிய நீரே. குடலில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று பற்றியே உட்செல்கின்றன என்னும் உண்மையை உரொபேட் கிரேன் 1960 ஆம் ஆண்டிற் பிராக் நகரில் எடுத்துரைத்தார். இவ்விரண்டும் செல்லுமிடத்து நீரும் உடன் செல்லும். வங்காள தேசப் போரின்போது, 1971 ஆம் ஆண்டில், மேற்கு வங்காளத்துப் பொங்காவ் நகரிற் குவிந்த ஏதிலிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பூடாக ஏற்றும் திரவம் தீர்ந்துவிட, வைத்தியர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி அளிக்கச் செய்தார். ஏறத்தாழ நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 4 இற்கும் குறைந்தது. வாந்திபேதிக்கென விளைந்த இவ்வறிவே குடலை இழந்தோர்க்கும் இன்று உயிர்த்துணையாய் நிற்கின்றது. இலங்கையில் ஜீவனி என்னும் பெயரால் வழங்கும் பொதி இதுவேயாம். பொதி கிட்டாவிடத்து, ஓர் இலீற்றர் கொதித்தாறிய நீரிற் சமமட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகலாம். வெளியேற்றம் மிகுந்த குடல்வாய் உடையோர்க்கு இன்னும் கூடிய உப்பு வேண்டப்படலாம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையோர்க்கு அளவு வேறுபடலாம். இவற்றை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

பட்டிப்பொல போன்ற குளிர்ந்த இடத்தில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். குளிரிலே தாகம் தோன்றுவது குறைவு; வியர்வையும் கண்ணிற் படுவதில்லை. ஆதலின் உடல் வறண்டமையைத் தாகத்தால் அளவிடலாகாது. சிறுநீரின் அளவு குறைந்து நிறம் கறுத்தல், எழும்போது தலைசுற்றல், கெண்டைக்கால் பிடித்திழுத்தல் என்பனவே நம்பத்தக்க அடையாளங்கள்.

பெருங்குடல் எஞ்சியிருப்பது எத்துணைப் பேறு என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வொன்று விளக்குகின்றது. சிறுகுடலிற் சமிபாடடையாத ஒருவகை மாப்பொருளை வாய்வழி நீரிற் கலந்து வாந்திபேதி நோயாளருக்கு அளித்தபோது, நீரிழப்புக் குறைந்தது. நோய் நீடித்த காலமும் சுருங்கியது. அம்மாப்பொருளைப் பெருங்குடலின் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களாக மாற்ற, அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்சும்படி பெருங்குடலைத் தூண்டுகின்றன என்பதே அதன் அடிப்படை. இராமகிருஷ்ணாவும் உடன்பணியாற்றியோரும் செய்த இவ்வாய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சமைத்து ஆறவிட்ட சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் இவ்வகை மாப்பொருள் ஓரளவு உண்டு. சிறுகுடல் குறைந்து பெருங்குடல் எஞ்சியோர் மாப்பொருளை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை; அவர்தம் பெருங்குடல் அதிலிருந்து ஆற்றலையும் மீட்டெடுக்கும். அறுத்த குடல் அடங்கியபின் கஞ்சியும் குழைந்த சோறும் நாளடைவிற் கூட்டத்தக்கன.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருந்துப் பொருள்களைவிட உணவின் அளவையும் காலத்தையும் பற்றியே மிகுதியும் பேசுகின்றது. உண்டது அற்றபின் அளவறிந்து உண்க என்னும் அந்நெறி முழுக்குடல் உடையோர்க்கு என்றும் பொருந்தும். குடல் குறைந்தோரும் அளவறிதலைக் கைவிடலாகாது. ஆயின் இவர்க்கு வேண்டிய அளவு சிறிதும், வேளை பலவும் ஆகும். மூன்று பேருணவுக்கு ஈடாக ஆறு சிற்றுணவு தகும். நன்கு மென்று விழுங்குதலும், உணவோடு மிகுந்த நீர் பருகாமல் அரைமணி நேரம் இடைவிட்டுப் பருகுதலும் பலர்க்கு உதவுகின்றன. வெறுவயிறு குடலுக்கு ஓய்வளிக்கும் என்னும் நம்பிக்கை தவறானது. எஞ்சிய குடல் தன் மடிப்புக்களையும் விரலிகளையும் வளர்த்து இழப்பை ஈடுசெய்யும் இயல்பினது. அவ்வளர்ச்சிக்குத் தூண்டுகோல் உணவேயாம். அது ஓராண்டு, ஈராண்டு வரை தொடரும். முதல் மூன்று மாதத்தின் துன்பத்தை வாழ்நாள் விதியென்று முடிவு செய்தல் பொருந்தாது.

மலைநாட்டு உணவுகளை இந்நோக்கில் ஆராயின் சில செய்திகள் தெளிவாகும். கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தோட்டத்து மக்களின் அன்றாட உணவு. ரொட்டி பெரும்பாலோர்க்கு இசையும். சம்பலின் மிளகாயும், மெல்லப்படாத தேங்காய்ப்பூவும் தொடக்கத்திற் குடலை வருத்துவன. குழைய வெந்த பருப்புக் கறி புரதத்திற்கு உகந்தது. இம்மலைகளில் விளையும் கோவாவும் லீக்சும் வாயுவை மிகுவிக்கும். லீக்சின் நீண்ட நார் குடல்வாயையோ ஒடுங்கிய இணைப்பையோ அடைத்தலும் கூடும். பொடியாக அரிந்து நன்கு வேகவைத்தல் வேண்டும். கரற்றும் உருளைக்கிழங்கும் மென்மையானவை. பால் அருந்தியபின் வயிறு பொருமுமாயின், பாலிலுள்ள இலற்றோசைச் சமிபாடடையச் செய்யும் ஆற்றல் குறைந்துள்ளது என்று கொள்ளலாம். அவர்க்குத் தயிர் பெரும்பாலும் இசையும்.

தேநீரைப் பற்றி இரண்டு கூற வேண்டும். கொழுப்பு உறிஞ்சப்படாது பெருங்குடல் எஞ்சியோர்க்கு, உணவிலுள்ள ஒட்சலேற்று மிகுதியாக உடலுட் புகுந்து சிறுநீரகக் கல்லாகும் ஆபத்து உண்டு. சாயம் மிக்க தேநீர், பசளிக் கீரை, பீற்றூட், நிலக்கடலை என்பவற்றில் ஒட்சலேற்று மிகுதி. பாலின் கல்சியம் அதனைக் குடலிலேயே பிணித்துவிடுவதால், இத்தகையோர் அருந்தும் தேநீர் நீர்த்ததாயும், பால் இசையுமாயின் பால் கலந்ததாயும் இருத்தல் நன்று. இரண்டாவது, தேநீர் உணவின் இரும்புச்சத்தை உறிஞ்சவிடாது தடுக்கும். இரத்தக் குறை உடையோர் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுதல் தக்கது.

இதுவரை கூறியவை பொறுத்திருந்து சீராக்கத்தக்க இடர்கள். பொறுத்திருக்கலாகாத ஒன்றும் உண்டு. வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையின் பின்னர் உட்புறத்தே தழும்புப் பட்டிகள் தோன்றிக் குடலை நெரித்தல் கூடும். தழும்பின் வழியே குடல் பிதுங்குதலும் நேரும். பாப்பரசர் பிரான்சிஸ் 2021 ஆம் ஆண்டு யூலையிற் பெருங்குடலின் ஒரு பகுதி நீக்கப்பெற்றார். 2023 ஆம் ஆண்டு யூனில், பழைய தழும்பிடத்துப் பிதுக்கத்தாற் குடல் அடைபட்டு வலி மீண்டும் மீண்டும் எழ, மறுபடியும் சத்திரசிகிச்சை பெற நேர்ந்தது. விட்டுவிட்டு எழும் கடும் முறுக்கு வலி, ஓயாத வாந்தி, வயிறு வீங்குதல், காற்றும் மலமும் வெளியேறாமை என்பன சேர்ந்து தோன்றின், கசாயமும் பேதி மருந்தும் கொடுத்துக் காலம் போக்காது, அன்றிரவே வைத்தியசாலை செல்லல் வேண்டும். இந்நிலையில் லோபரமைட்டும் கொள்ளலாகாது. மலத்தோடு இரத்தம், காய்ச்சல், நிறுத்தவியலாத உடல் மெலிவு என்பனவும் வைத்தியரைத் தாமதமின்றி நாடுதற்குரியன.

நோயின் சுமையிற் பாதி உடலைச் சாராதது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்குக் குறித்த நிறை பறித்தாலன்றி முழுநாட் பேர் கிடைப்பதில்லை. மலையிலோ கழிப்பிடம் பெரும்பாலும் இல்லை. நேர்குடல் இழந்த ஒருத்தி இந்நிலையிற் செய்வது யாது? காலையில் உண்ணாமலும் பருகாமலும் மலைக்குச் செல்கின்றாள். அவசரம் தணிகின்றது, உடலோ வறள்கின்றது. வயிற்றிற் பை அணிந்தவர் திருவிழாவிற்கும் கலியாண வீட்டிற்கும் செல்லாது அறையினுள் ஒதுங்குகின்றார். பை ஒழுகாது ஒட்டியிருக்கையில் நாற்றம் வெளிப்படுவதில்லை என்பதையும், பையணிந்தோர் உழைக்கவும் பயணம் செய்யவும் மணவாழ்வு நடத்தவும் வல்லர் என்பதையும் அயலார் அறிந்திருப்பின் அவ்வொதுக்கம் நேராது. சில மாதம் தொழிற்சாலையிலோ கழிப்பிடம் அண்மையிலுள்ள வேறிடத்திலோ வேலை தருமாறு வைத்தியரின் கடிதத்தோடு தோட்ட நிர்வாகத்தைக் கேட்டல் முறையான வேண்டுகோளே. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

கல்வி பெற்றோர் இதிற் செய்யத்தக்க எளிய உதவியொன்று உண்டு. வைத்தியசாலையை விட்டு நீங்குகையில் நோயாளிக்கு நோய் நிர்ணய அட்டை வழங்கப்படுகின்றது. எப்பகுதி நீக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியது, எவ்விணைப்புச் செய்யப்பட்டது என்பன குறிக்கப்படும் இடம் அதுவே. அது பெரும்பாலும் ஆங்கிலத்திற் சுருக்கெழுத்துக்களோடு எழுதப்படுவதால், பல குடும்பங்களில் வாசிக்கப்படாமலே பெட்டியினுள் உறங்குகின்றது. அதனை வாசித்துத் தமிழிற் சொல்லுதலும், விளங்காதவற்றையும் குறிக்கப்படாதவற்றையும் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்பதற்கு வினாக்களாக எழுதிக் கொடுத்தலும் உயர்வகுப்பு மாணவர் எவர்க்கும் இயல்வன. கடைச்சிறுகுடல் நீக்கப்பட்டதா, எத்தனை சென்ரிமீற்றர், பி12 ஊசி எப்போது, உப்புநீர் எவ்வளவு என்னும் நான்கு வினாக்கள் போதும். அவற்றின் விடை கிட்டிய வீட்டில் உணவு அச்சத்திற்குரியதாகாது. ஊசி நாள் சுவர்க் கலண்டரில் வட்டமிடப்பட்டிருக்கும். ஜீவனிப் பொதி சீனிப் போத்தலின் அருகே இருக்கும்.